தொட்டால் கிளம்பும் கடிதம்

குற்றம் நடந்து முடிந்த பிறகு அந்த இடத்துக்குப் போவதுதான் ஒரு துப்பறிவாளனுக்கு அழகு. நான் போன பிறகுதான் குற்றமே நடந்தது. அதுவும் என் விரலாலேயே நடந்தது என்பது, அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. என் உதவியாளரும் அவர்தான். டெலிபோன் ஆபீஸின் புகார் பிரிவில் காலமெல்லாம் ஊராரிடம் திட்டு வாங்கி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் தன்னைத் திருத்த ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து, அண்ணன்தான் அவரை என்னிடம் தள்ளிவிட்டார். என் துப்பறியும் நிறுவனம், அண்ணனின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறை. என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பக்கத்திலேயே கண் பரிசோதனை செய்துகொண்டு, ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொண்டு, வந்த வேலையை மறந்து போய்விடுவார்கள்.

அன்று காலை வந்தவள் கண்ணாடி வாங்கவில்லை. நேரே உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

நீச்சல் குளச் சங்கத்தின் அலுவலக உதவியாளர். லாக்கர் சாவிகள் அவள் பொறுப்பு என்பதால் அங்கே நீந்த வரும் குழந்தைகள் 'சாவியக்கா' என்று கூப்பிட, பெரியவர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டதாம். சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

"குழந்தைங்க குளத்தை மூடிட்டு கார் நிறுத்துற இடமாக்கணும்னு ஓட்டெடுப்பு வச்சாங்க சார். கூட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டு மெயில் அனுப்பினது நான். ஆனா பழைய உறுப்பினர்களுக்கு மட்டும்தான் நேரத்துக்குப் போயிருக்கு. குழந்தைங்களுக்காகப் புதுசா சேர்ந்தவங்களுக்குக் கூட்டம் முடிஞ்ச பிறகுதான் போயிருக்கு."

"அதாவது, குளத்தை மூடாதேன்னு ஓட்டுப் போடக்கூடியவங்களுக்கு மட்டும் போகல," என்றார் அண்ணி.

"ஆமா மேடம். தலைவர் சொல்லித்தான் இப்படி நடந்துச்சுன்னு புதுசா சேர்ந்தவங்க சொல்றாங்க. தலைவர், நானே வேணும்னு நிறுத்தி வச்சேன்னு சொல்றார். சாயங்காலம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நான் பண்ணலேன்னு காட்டணும். இல்லேன்னா வேலை போயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "வேலையை விடுங்க. எங்கப்பாதான் அந்தச் சங்கத்தோட முதல் பயிற்சியாளர். அவர் காதுக்கு இது இன்னும் போகல. போறதுக்கு முன்னாடி முடிஞ்சிடணும் சார்."

"கவலையே படாதீங்க. இந்த மாதிரி வழக்கெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு," என்றேன்.

அண்ணி இருமினார். போன வழக்கில் திருடனே நேரில் வந்து ஒப்புக்கொண்டான். உன் முகத்தைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்று நான் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த இருமலுக்கு அதுதான் அர்த்தம்.

சங்கத்தின் வாசலில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. எல்லாம் புதிதாகச் சேர்ந்த பெற்றோர்கள். நீச்சல் கண்ணாடி மாட்டிய பிள்ளைகள் நடுவில் நின்று, அர்த்தம் தெரியாமலே 'தலைவரே, பதவியை விட்டு இறங்கு' என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் இரட்டைக் குழந்தைகளின் அப்பா. இரு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு பேரைப் பிடித்திருந்ததால் கோஷத்துக்குக் கையை உயர்த்த முடியாமல், தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அழைப்பு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க! கூட்டம் முடிஞ்சுபோச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நாலு வார்த்தை நறுக்குனு எழுதலாம்னு கோபத்துல சங்கத்து வெப்சைட்டைத் திறந்தேன். திறந்த கையோட வருது சார், 'கூட்டத்துக்குத் தவறாமல் வரவும்'னு! எரியுமா எரியாதா?"

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் பின்னால் நின்ற ஒரு தாய். "திட்டுறதுக்குன்னு உள்ள போனேன், அழைப்பு வந்துச்சு."

நான் அண்ணியைத் தனியாக ஓரங்கட்டினேன். "புரியுதா அண்ணி? குற்றவாளி ரொம்ப விஷமக்காரன். யார் வெப்சைட்டுக்குள்ள வர்றாங்கன்னு எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கான். வந்ததும் வெறுப்பேத்துறான்."

"அவ்வளவு சுறுசுறுப்பான ஆள் இந்தச் சங்கத்துல இருப்பான்னு நம்புறீங்களா தம்பி?" என்றார் அண்ணி.

உள்ளே போனதும் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பழுது பார்ப்பதற்காகப் பெரிய குளம், குழந்தைகள் குளம் இரண்டையும் வடித்திருந்தார்கள். பெரிய குளத்தின் காய்ந்து கிடந்த நீலத் தரையில் இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து ஓடு பதித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கரையில் ஒரு நீளமான கூடம். அங்கே பழைய உறுப்பினர்கள் செய்தித்தாளோடும் சீட்டுக்கட்டோடும் சாய்ந்திருந்தார்கள். தண்ணீர் இல்லாதபோதும் தவறாமல் வருகிறவர்கள். தண்ணீர் இருக்கும்போதும் தவறியும் இறங்காதவர்கள்.

கூடத்து மூலையில் இருந்தது சாவியக்காவின் மேசை. கணினியில் பாஸ்வேர்டைத் தட்டினாள். தவறு என்றது. இன்னொரு முறை தட்டினாள்.

"காலைல தலைவர் மாத்தியிருக்கார் போல," என்றாள். முகம் சிறுத்துப்போனது. "இனி உள்ள போய் எதையும் பார்க்க முடியாது. எல்லாரும் பார்க்கிற முகப்புப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கலாம்."

"எனக்கு அதுவே போதும்," என்று என் போனில் அந்த முகப்பைத் திறந்தேன். தண்ணீர் நிறைந்த குளத்தின் படம். 'வருக' என்று ஒரு சொல். நீச்சல் நேரங்கள். வேறொன்றும் இல்லை. ஆனாலும் கண்களை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். தடயம் என்பது பார்த்தவுடன் தெரியாது என்று நானே பலமுறை அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு மூடிவிட்டு மறுபடி திறந்தேன். படம் மாறியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறை.

எங்கோ ஒரு போன் 'டிங்' என்றது. சீட்டு விளையாடிக்கொண்டிருந்த வெள்ளைத் தலைக்காரர் அதை எடுத்துப் படித்தார். நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார்.

நான் மறுபடி திறந்தேன். 'டிங்.' செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் போனைப் பார்த்தார். பிறகு எங்களை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆட்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்! ஒருவர் மற்றவருக்குச் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். மோதிரத் திருட்டு வழக்கில் என் படம் பத்திரிகையில் வந்திருந்தது. நான் திருடன் இல்லை என்ற திருத்தமும் மறுநாளே வந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பக்கவாட்டு முகம் நன்றாகத் தெரியும்படி திரும்பி உட்கார்ந்து, தீவிரமாக யோசிக்கிறவனைப் போல் பக்கத்தைத் திறந்து திறந்து மூடினேன். டிங். டிங். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த பல் டாக்டரம்மாகூடக் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் படித்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். பாராட்டுகிற பார்வை இவ்வளவு கடுகடுப்பாக இருக்குமா என்று மட்டும் லேசாக ஒரு சந்தேகம்.

அப்போது சாவியக்காவின் போன் மணியடித்தது.

"அப்பா," என்று எடுத்தாள். "இல்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவுக்கு மெயில் வந்திருக்கு. என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாம். உறுப்பினர்களை ஏமாத்தினதுக்காகன்னு போட்டிருக்காம். தலைவர் பேர்ல." அவள் குரல் சன்னமாகிவிட்டது. "நீ பண்ணியாம்மான்னு கேட்டார். திட்டியிருந்தாகூடத் தாங்கியிருப்பேன். கேட்டுட்டாரே."

கமிட்டி கூடுவதற்கு முன்பே கடிதமா? எவனோ முந்திக்கொண்டான்! என்ன செய்வது என்று தெரியாமல், கை தன்பாட்டுக்கு மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்கப் போனது.

போன் என் கையில் இல்லை. அண்ணி பிடுங்கியிருந்தார்.

"தொடாதீங்க தம்பி!"

"அண்ணி, நான் தடயம்..."

"நீங்கதான் தடயம். நீங்க ஒவ்வொரு தடவை தொடும்போதும் இங்க ஒரு போன் அடிக்குது. நான் அப்பலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நீங்க கையை எடுத்தா அமைதி. வச்சா டிங். எல்லாரும் பார்த்தது உங்களை இல்ல. உங்களுக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிற இந்தப் பொண்ணை."

காலரை மெல்லப் பழையபடி விட்டுக்கொண்டேன்.

அண்ணி அந்தப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். இணையதளத்துக்கு இடம் கொடுக்கும் நிறுவனத்தின் உதவி எண். புகார் வாங்கியே பழகியவர் புகார் கொடுக்க ஆரம்பித்தால் எதிர்முனை தாங்காது. "நீங்க லைன்ல காத்திருங்கன்னு சொன்னா, நான் அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவன் காத்திருக்கச் சொல்லவேயில்லை.

போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தளம் மெயில் அனுப்புறது லிஃப்ட் மாதிரிதான். எல்லா மெயிலையும் ஒரே மூச்சுல அனுப்பினா, குப்பை அனுப்புற ஆளுன்னு தளத்தையே பூட்டிடுவாங்களாம். அதனால கொஞ்சம் கொஞ்சமா, சேர்ந்த வரிசைப்படி, முதல்ல சேர்ந்தவங்களுக்கு முதல்ல போகும். அடுத்த நடை கிளம்பணும்னா, யாராவது அந்த வெப்சைட்டைத் திறக்கணும். திறந்தா முழிச்சுக்கிட்டு ஒரு கட்டு அனுப்பிட்டுத் திரும்பத் தூங்கிடும். யாரும் வரலேன்னா கடிதம் எல்லாம் உள்ளயே கிடக்கும்."

"ஆனா எப்பவும் ஒழுங்காத்தானே போகும்?" என்றாள் சாவியக்கா. சொன்னவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி வற்றிய குளத்தைப் பார்த்தாள். "அய்யோ. எப்பவும் குழந்தைங்களோட அம்மா அப்பாதான் நீச்சல் நேரம் பார்க்க வெப்சைட்டைத் திறப்பாங்க, நாள் முழுக்க. பழுதுக்காகக் குளத்தை மூடின பிறகு யாரு வருவா? அழைப்பை அனுப்பிட்டு நானே சில தடவை திறந்து பார்த்தேன். அந்த அளவுக்குத்தான் போயிருக்கும். பழையவங்க வரைக்கும்."

"மீதியைக் கோபம்தான் கிளப்பிவிட்டிருக்கு," என்றார் அண்ணி. "திட்டுறதுக்குன்னு வந்தவங்க தொட்டதும் அழைப்பு கிளம்பியிருக்கு. வாசல்ல அவர் சொன்னாரே, திறந்த கையோட வந்துச்சுன்னு. விஷமக்காரன் யாரும் இல்ல தம்பி."

"அப்ப இந்த வேலைநீக்கக் கடிதம்?"

"காலைல தலைவர் அனுப்பி விட்டுட்டார். அது உள்ளயே தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்து முதல் தடவை தொட்டீங்க. முதல்ல சேர்ந்தவங்க யாரு? இவங்க அப்பா."

வாழ்க்கையில் பல முறை அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் எந்த ஒரு மனிதர் காதுக்குப் போகக்கூடாது என்று என்னிடம் வந்தாளோ, அந்த மனிதருக்கே, வந்த காரியத்தைத் தொடங்கிய கையோடு நானே கொண்டுபோய்க் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சாவியக்கா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தலைவரின் அறைக்குள் போனோம். பெரிய மேசை, பின்னால் கோப்பைகள். எல்லாம் மற்றவர்கள் நீந்தி வாங்கியவை. அண்ணி சொன்னதை எல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மெஷின் தூங்குச்சு, முழிச்சுதுன்னு கதை சொல்றீங்க. அப்ப ஓட்டெடுப்பு செல்லாதுன்னு ஆயிடுமே? அதெல்லாம் முடியாது. இந்தப் பொண்ணு பண்ணினதுதான்."

"சரி சார்," என்றார் அண்ணி பணிவாக. அண்ணி பணிந்து பேசினால் எங்கள் வீட்டில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். "காலைல நீங்க அனுப்பின கடிதம் யார் யாருக்கு?"

"எல்லாருக்கும். என் கையாலயே அனுப்பினேன். முக்கியமா வாசல்ல கத்துறாங்களே, அவங்க வாயை அடைக்கத்தான்."

"அடைஞ்ச மாதிரி தெரியலையே?"

ஜன்னல் வழியாக இரட்டைக் குழந்தைகளின் அப்பா இன்னும் தலையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒருவர் கையிலும் போன் இல்லை.

"கூடத்துல இருக்கிற பழையவங்க எல்லாருக்கும் வந்தாச்சு. பல் டாக்டரம்மா வரைக்கும். அவங்களுக்கு அப்புறம் சேர்ந்த ஒருத்தருக்கும் வரல. அழைப்பு நின்னது மாதிரியே இதுவும் பழையவங்களோட நிக்குது. இந்தப் பொண்ணுகிட்ட இப்ப பாஸ்வேர்டே கிடையாது. அப்ப புது உறுப்பினர்களுக்குப் போகாம வேணும்னே நிறுத்தி வச்சது யாரு சார்? நீங்களா?"

தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "எனக்கென்ன தெரியும், அனுப்புன்னு அழுத்தினேன்..."

"அவளும் அதைத்தான் சொன்னா."

நான் இந்த இடத்தில் ஏதாவது அறிவுப்பூர்வமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அதேதான்," என்றேன்.

"நிரூபிங்க," என்றார் தலைவர்.

"உங்க போன்ல சங்கத்து வெப்சைட்டைத் திறங்க. அடுத்த கட்டு வாசலுக்குப் போகும்," என்றார் அண்ணி. சொல்லிவிட்டு நிறுத்தினார். சாவியக்காவைப் பார்த்தார். "வேணாம்மா. அதுல உன் பேருதான் கெடும். வேற வழி பார்க்கலாம்."

சாவியக்கா தலையை ஆட்டி மறுத்தாள்.

"போகட்டும் மேடம். எங்கப்பா படிச்சாச்சு. இனிமே யார் படிச்சா என்ன?"

தலைவர் போனை எடுத்தார். எடுத்துவிட்டுத் தயங்கினார். பிறகு, யாரை ஏமாற்றுக்காரி என்று எழுதினாரோ அவளிடமே கேட்டார்:

"கம்ப்யூட்டர்ல தானா வந்து நிக்கும். போன்ல போட வெப்சைட் அட்ரஸ் என்னம்மா?"

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். குளத்தின் படம் வந்தது. 'வருக' என்றது.

ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் வெற்றிச் சிரிப்புக்கு உதட்டைத் தயார்செய்தார். நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு 'டிங்.' அதைத் தொடர்ந்து இன்னும் சில. கோஷம் பாதியில் நின்றது. இரட்டைக் குழந்தைகளின் அப்பா ஒரு குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்துப் படிப்பது தெரிந்தது. அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது.

தலைவர் எழுந்து நின்றார். "பார்த்தீங்களா, உங்களுக்காகத்தான் நடவடிக்கை எடுத்..."

"சாவியக்காவையா?" என்றார் இரட்டைக் குழந்தைகளின் அப்பா. "யோவ், எங்க பசங்க தண்ணியைப் பார்த்தாலே கத்துவாங்க. தினமும் படியில உட்கார்ந்து, கால் நனைய வச்சு, பயத்தைப் போக்கினது இவங்க. அந்தக் குளத்தையா இவங்க மூட நினைப்பாங்க? நாங்க உங்களை இறங்கச் சொன்னா, நீங்க இவங்களை இறக்கிவிடுறீங்களா?"

கூடத்திலிருந்து பழையவர்களும் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்திருந்தார்கள். அண்ணி லிஃப்ட் கதையை முதலிலிருந்து எல்லோருக்கும் சொன்னார். பல் டாக்டரம்மா, "என் போன் அடிச்சதும் இந்த ஆள் தொட்டப்பதான்," என்று என்னைச் சுட்டிக்காட்டினார். ஒரு வழக்கில் என் விரல் சாட்சியாக நின்றது அதுவே முதல் முறை. சீட்டாடிய வெள்ளைத் தலைக்காரர், "ஓட்டெடுப்பை மறுபடி வச்சிடுவோம் தலைவரே. எல்லாரும் வந்து போட்டாத்தானே மரியாதை," என்றார். தன் பக்கத்து ஆளே சொன்ன பிறகு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மீதிக் கடிதங்கள் கிளம்பாதபடி ரத்து செய்யப்பட்டன. சாவியக்காவின் மேல் எந்தத் தவறும் இல்லை, அவள் வேலையில் தொடர்கிறாள், ஓட்டெடுப்பு மறுபடி நடக்கும், தலைவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார் என்று ஒரு புதுக் கடிதம் தயாரானது. அண்ணி சொல்லச் சொல்லத் தலைவர் தட்டினார். 'வருந்துகிறேன்' என்ற இடத்தில் அவர் விரல் ஓய்வெடுத்துக்கொண்டபோது, அண்ணி ஒரு முறை இருமினார். தட்டிவிட்டார்.

அனுப்பு என்று அழுத்தியாயிற்று. கடிதம் வழக்கம்போல் உள்ளே தூங்கியது.

"எல்லாருக்கும் போய்ச் சேர யாராவது உட்கார்ந்து திறந்துக்கிட்டே இருக்கணும்," என்றார் அண்ணி. எல்லோர் பார்வையும் என் மேல் விழுந்தது. இந்த முறை நிச்சயமாக என் மேல்தான்.

"முதல் தடவை மட்டும் நான்," என்றாள் சாவியக்கா.

தன் போனில் பக்கத்தைத் திறந்தாள். குளத்தின் படம். வருக. போனை மேசையில், இந்த முறை நிமிர்த்தி வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். நாங்களும் பார்த்தோம்.

மணியடித்தது. திரையில் 'அப்பா' என்று எழுதியிருந்தது.

அவள் எடுக்கவில்லை.

"எடும்மா," என்றேன் பதறிப்போய்.

"எடுக்கிறேன் சார்." கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. "நீ பண்ணியான்னு கேட்டார் இல்ல? கொஞ்ச நேரம் அவரும் வரிசையில நிக்கட்டும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடங்கப் போகிற நேரத்தில் எடுத்துக் காதில் வைத்தாள். "சொல்லுங்கப்பா," என்றாள். போனோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணி என் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப தொடுங்க தம்பி. நாள் முழுக்கத் தொடுங்க."

தொட்டேன். கூடத்தில் ஒரு போன் 'டிங்' என்றது.